காதுக்குள் ஒரு குரல், கோவிலில் ஒரு சங்கற்பம்

வன்னியில், நெடுங்கேணிப் பக்கம் எந்தக் கோவிலில் அர்ச்சனைத் தட்டத்தை நீட்டினாலும் ஐயர் முதலில் கேட்பது பெயரும் நட்சத்திரமும்தான். "பிள்ளைக்கு ஏ.எல். சோதினை வருது ஐயா" என்று தாய் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அதுவும் சங்கற்பத்துக்குள் போய்விடும். நாள், திதி, பெயர், வேண்டுதல் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிந்ததும் நாமாவளி தொடங்கும். அதற்குப் பிறகு சோதினையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. ஐயர் பூவைப் போட்டபடி இருப்பார், தாய் கும்பிட்டபடி நிற்பாள், தீபம் காட்டி விபூதி கொடுத்ததும் உடைத்த தேங்காயும் வாழைப்பழமும் தட்டத்தில் திரும்பி வரும்.

அந்தப் பிள்ளை இரவில் காதில் மாட்டிக்கொண்டு படுப்பது வேறு சரக்கு. யூரியூப்பில் பரீட்சை, வெற்றி, தியானம் என்று மூன்று சொல்லைத் தட்டினால் வரிசையாக வந்து விழும் ஒலிப்பதிவுகளில் ஒன்று. பின்னால் மழைச் சத்தம் அல்லது புல்லாங்குழல். ஒரு குரல் கண்ணை மூடச் சொல்கிறது, தோளைத் தளர்த்தச் சொல்கிறது, ஐந்து நிமிடம் போவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறது. பரீட்சை மண்டபம், வினாத்தாள், தடக்காமல் ஓடும் பேனா, பெறுபேறு வெளியாகும் நாள், மூன்று ஏ, அம்மாவின் முகம். முடியும்வரை அதே. குரல் ஓயும்போது பிள்ளை நித்திரையாகியிருப்பாள். இல்லாவிட்டால், மூன்று ஏ வராமல் போனால் என்ன செய்வது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

இரண்டு இடத்திலும் வேண்டுதல் ஒன்றுதான். கோவிலில் அதை ஒருமுறை சொல்லிவிட்டு இறக்கி வைக்கிறார்கள். ஒலிப்பதிவில் அது கடைசிவரை தலையிலேயே இருக்கிறது. இலக்கு வைத்துச் செய்யப்படும் இந்தக் குரல்வழிப் பயிற்சிகளையும் பழைய தியான முறைகளையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். வழமையான ஒப்பீடு இப்படிப் போகும்: பழைய தியானம் மௌனமானது, எதையும் எதிர்பாராதது, ஒலிப்பதிவு அவசரக்காரர்களுக்கானது, வியாபாரம். கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கிட்டப் போனால் ஆட்டம் கண்டுவிடும்.

குரல் இல்லாத மரபு எங்கே இருந்தது? ஈழத்துக் கோவில்களில் கந்தபுராணப் படிப்பு என்றால் ஒருவர் ராகத்தோடு பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், மற்றவர்கள் சப்பாணி கட்டி இருந்து கேட்பார்கள். மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டுத்தான் ஊர் எழும்பும். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். குரு பக்கத்தில் இருந்து எண்ணிக் கொடுக்க, சீடன் பழகுவான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமத்துக்குக் கணக்கே வைத்திருக்கிறார்: உள்ளிழுக்க 16 மாத்திரை, அடக்கிவைக்க 64, வெளிவிட 32. இன்றைய செயலிகளில் வட்டம் பெருத்துச் சுருங்கி மூச்சுக்கு நேரம் காட்டுகிறதே, அதே வேலைதான். (64 மாத்திரையை ஒருவரும் வீட்டில் தனியாகச் செய்து பார்க்கத் தேவையில்லை. அது படிப்படியாக ஏறிப் போகிறவர்களுக்கானது.)

இன்னும் வலுவான சாட்சி விபாசனா. மரபுத் தியானம் என்று உலகமே காட்டும் இந்தப் பயிற்சி, கோயங்காவின் முகாம்களில் இன்று நடப்பது முழுக்க முழுக்க ஒலிப்பதிவில். சத்ய நாராயண கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் ஓர் இந்திய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1955இல் ஊ பா கின் என்ற அரசாங்க அதிகாரியிடம் தியானம் பழகினார். 1969இல் இந்தியாவுக்கு வந்து பத்து நாள் முகாம்களை நடத்தத் தொடங்கினார். 1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் இருந்து பழகியது பெரிய செய்தியானது. 2013 செப்டெம்பரில் அவர் காலமானார். ஆனால் முகாமுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் கேட்பது அவருடைய குரலைத்தான். ஒவ்வொரு அமர்வும் அந்தப் பதிவோடு தொடங்கி அந்தப் பதிவோடு முடிகிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் மொழிபெயர்ப்பும் கூடவே ஓடும். முன்னால் இருக்கும் உதவி ஆசிரியர் பொத்தானை அழுத்துகிறார், சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறார், அவ்வளவுதான்.

நெடுங்கேணியிலிருந்து பார்த்தால் இதற்கான கிட்டிய இடம் அனுராதபுரம். அங்கே தம்ம அனுராதா, கண்டிப் பக்கம் தம்ம கூட, கொஸ்கமவில் தம்ம சோபா என்று இலங்கையில் நிலையங்கள் இருக்கின்றன. காசு வாங்குவதில்லை. போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஒன்பது நாள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை இருக்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து அதிட்டானம் என்ற ஒன்று வரும்: ஒரு மணி நேரம் கண்ணைத் திறப்பதில்லை, காலையும் கையையும் அசைப்பதில்லை என்ற உறுதியோடு இருப்பது. இதைவிட இறுக்கமான இலக்கு எந்தச் செயலியில் இருக்கிறது? ஆனால் அந்த உறுதி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றியது. கிடைக்கப் போவதைப் பற்றி அல்ல. எதற்காக வந்தோமோ அதைக் கற்பனை செய்யச் சொல்லி அந்தக் குரல் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

விபாசனா என்றதும் வன்னியில் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். அதை மறைக்கத் தேவையில்லை. நெடுங்கேணிக்கு அடுத்த ஒலுமடுவில் வெடுக்குநாறி மலை இருக்கிறது. அங்கே 2024 மகா சிவராத்திரி இரவில் வழிபாட்டுக்குப் போன எட்டுப் பேரைப் பொலிசார் கைது செய்தார்கள். தொல்பொருள், பௌத்தம், காக்கிச்சட்டை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் ஊரில் பௌத்தத் தியானம் என்ற சொல் வெறும் தியானமாகக் காதில் விழாது. இது மதம் கடந்த பயிற்சி என்று, தானே இந்துக் குடும்பத்தில் பிறந்த கோயங்கா ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார். சொன்னது உண்மையாக இருந்தாலும், வவுனியா வடக்கில் ஒருத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் போனை மாட்டுவது ஏன் சுலபமாகத் தெரிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள்.

ஒலிப்பதிவுப் பக்கத்துக்கும் நீண்ட வம்சம் உண்டு. நூறு வருசத்துக்கு முன் பிரான்சில் எமில் கூவே என்ற மருந்துக் கடைக்காரர், நாளுக்கு நாள் தேறி வருகிறேன் என்ற பொருளில் ஒரு வசனத்தைக் காலையும் மாலையும் இருபது தரம் சொல்லும்படி தன்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. செபமாலை, உருத்திராக்க மாலை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1929இல் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை வெளியிட்டார். 1932இல் ஜெர்மனியின் யொஹானஸ் ஷுல்ட்ஸ், கை கனக்கிறது, கை சூடாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் முறையை எழுதினார். இன்றைய குரல்வழிப் பயிற்சிகளில் பல இந்த மூவரின் சமையல்தான்.

கசெற்றை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜோன் கபாட்-சின். 1979இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், மருந்துக்கு அடங்காத வலியோடு வந்தவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். வீட்டுப்பாடம்: கசெற்றைப் போட்டுக்கொண்டு தினமும் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்று இலக்குகளைச் சொல்லச் சொல்வார். சொல்லி முடித்ததும், இந்த எட்டு வாரமும் அந்த இலக்குகளை நோக்கி ஓட வேண்டாம் என்பார். ஐயர் சங்கற்பத்தில் செய்வதை அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு விஞ்ஞானி செய்கிறார் என்று யாராவது சிரித்தால் அது பிழையில்லை. இந்த விழிப்புணர்வுத் தியான இயக்கத்துக்கு உரம் போட்ட நூல்களில் ஒன்று, கண்டிக் காட்டில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த ஜெர்மன் பிக்கு ஞானபோனிக தேரர் எழுதியது. இங்கிருந்து போன சரக்கு கசெற்றாகவும் செயலியாகவும் திரும்பி வந்திருக்கிறது. ஹெட்ஸ்பேஸ் செயலி 2010இல், காம் செயலி 2012இல். ஹெட்ஸ்பேஸின் குரலான ஆண்டி புடிகோம்ப் திபெத்திய மரபில் துறவறம் பூண்டு பிறகு வெளியே வந்தவர்.

தமிழ்ப் பக்கத்தில் இரண்டையும் கலந்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலையில் தவம் என்பது ஒரு குரல் நடத்திக்கொண்டு போவது; ஆசிரியரின் குரலாகவும் இருக்கலாம், பதிவாகவும் இருக்கலாம். வேண்டுதலும் உண்டு. சங்கற்பமும் வாழ்த்தும் தவத்தின் கடைசியில், மனம் அடங்கிய பிறகு வரும். சொல்லிவிட்டு எழும்பிவிட வேண்டியதுதான்.

யோக நித்திரையின் அமைப்பு இன்னும் நுணுக்கமானது. பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி, தந்திர மரபின் நியாசத்தை எடுத்து, படுத்துக்கொண்டு காதால் கேட்டுச் செய்யும் பயிற்சியாக மாற்றினார். பாயில் மல்லாந்து படுக்க வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், அசையக் கூடாது, நித்திரையாகவும் கூடாது. முதலில் சங்கற்பம்: ஒரே வசனம், மூன்று தரம், மனதுக்குள். பிறகு குரல் உடம்பைச் சுற்றிவரத் தொடங்கும். வலக்கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், அக்குள், இடுப்பு என்று வேகமாகப் போய்க் கால்விரல்வரை இறங்கி, இடப்பக்கம் தாவி, முதுகு, முகம், முழு உடம்பு. எந்த இடத்திலும் நிற்க நேரம் தருவதில்லை. நின்றால் யோசனை வந்துவிடும். அடுத்து மூச்சை 27இலிருந்து பின்னோக்கி எண்ணுவது. அடுத்து கனம், இலேசு, சூடு, குளிர். சில காட்சிகள். முடிவில் அதே சங்கற்பம் மூன்று தரம். முழு அமர்விலும் இலக்குக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. மிச்சமெல்லாம் பெருவிரலுக்கும் முழங்கைக்கும்.

இதையே பிற்காலத்தில் ரிச்சர்ட் மில்லர் என்ற உளவியலாளர் மாற்றி அமைக்க, போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். போருக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு. போர் வீட்டு முற்றத்துக்கே வந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் வன்னிக்காரர் கேட்கக்கூடிய கேள்வி.

அதற்கு முன் பரீட்சைக்காரப் பிள்ளையின் கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்கு நேரான ஆராய்ச்சி இருக்கிறது. 1999இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து, சோதினைக்கு முந்திய நாட்களில் தினமும் சில நிமிடம் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் நல்ல புள்ளி எடுத்துவிட்டதாகக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பகுதியினர் மேசையில் இருப்பது, புத்தகத்தைத் திறப்பது, ரீவியை நிறுத்துவது என்று படிக்கும் வேலையைக் கற்பனை செய்தார்கள். இரண்டாம் பகுதியினர் முன்கூட்டியே படிக்கத் தொடங்கினார்கள், புள்ளியும் கூட எடுத்தார்கள். வெற்றியைக் கற்பனை செய்தவர்கள் படித்த நேரம்கூடக் குறைவு.

காப்ரியேலே எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் அதற்கு முன்பே இதைத் தோண்டத் தொடங்கியிருந்தார். உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்து 1991இல் அவர் தாமஸ் வாடனோடு வெளியிட்ட ஆய்வில், மெலிந்த உடம்பை மிக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள்தான் குறைவாக மெலிந்தார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 11 கிலோ. 2011இல் ஹெதர் காப்பஸோடு சேர்ந்து காரணத்தையும் காட்டினார்: எல்லாம் நல்லபடி முடிந்த காட்சியில் மூழ்கியவர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்குகிறது, உடம்பு வேலை முடிந்ததாக எண்ணி ஓய்ந்துவிடுகிறது. நித்திரைக்கு அது நல்லது. அடுத்த நாள் இரசாயனவியல் பாடத்துக்கு நல்லதல்ல.

அப்படியென்றால் மூன்று ஏ ஒலிப்பதிவு கெட்டதா? நித்திரை வராத பிள்ளைக்கு அது நித்திரை மருந்து. அந்த அளவில் குற்றமில்லை. அதைக் கேட்டதையே படித்ததாகக் கணக்குப் போடும்போதுதான் கோளாறு. சிகரெட்டை விடவைக்கும், சாராயத்தை மறக்கவைக்கும் என்று விற்கப்படும் மனவசியப் பதிவுகளின் நிலைமையும் திருப்தியானதல்ல. புகைத்தலை விடுவதில் மனவசியம் மற்ற ஆலோசனை முறைகளைவிட மேலானது என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை என்றுதான் 2019இல் கொக்ரேன் மதிப்பாய்வு முடித்தது.

பழைய தியானத்துக்கும் இதே தராசு வேண்டும். 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் 47 ஆய்வுகள், 3,515 பேரை வைத்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. விழிப்புணர்வுத் தியானம் பதகளிப்பு, மனச்சோர்வு, வலி மூன்றையும் மிதமாகக் குறைக்கிறது என்றது. உடற்பயிற்சியைவிட, மருந்தைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. முகநூலில் தியானத்தின் பெருமை பாடுகிறவர்கள் இரண்டாவது வசனத்தைப் பகிர்வதில்லை.

செயலிகளின் சிக்கல் வேறு. பதிவிறக்கிய கையோடு கைவிடுகிறார்கள். 2019இல் வெளியான கணக்கொன்றின்படி, உளநலச் செயலிகளை இறக்கியவர்களில் 15ஆம் நாளில் திறந்து பார்த்தவர்கள் இடைநிலையில் 3.9 விழுக்காடு, 30ஆம் நாளில் 3.3. நூறு பேரில் மூன்று பேர். வெள்ளிக்கிழமைக் கோவில் கூட்டம் அப்படிக் கரைவதில்லை. அங்கே வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அடுத்த வீட்டு மாமி கேட்பாள். போன் ஓர் அறிவிப்பு அனுப்பும். ஒரு விரலால் தள்ளிவிடலாம். மாமியைத் தள்ளிவிட ஏலாது.

இனி வன்னிக் கேள்வி. இராணுவம் 1997 மேயில் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையின் முதற் கட்டத்திலேயே நெடுங்கேணி படையினரிடம் போனது, 1999 நவம்பரில் புலிகளிடம் திரும்பியது, 2008 முடிவில் மறுபடி கைமாறியது. ஒவ்வொரு முறையும் சனம் மூட்டை கட்டியது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவரைக் கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியாருக்கு விளங்காது. கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் வந்தவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். அவர் 1964இல் சமாதியடைந்தவர். பின்னால் வந்த காலத்தில் அந்தச் சும்மாவுக்குள் என்னென்ன வந்து இருந்துவிட்டன என்பதை வன்னியில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். இரவில் வயலோரம் யானை வெடி ஒன்று வெடித்தால் போதும். காவலுக்குப் போட்ட வெடி என்று புத்திக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியாது. மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பதுங்கு குழியில் இருப்பார்.

தியானத்தால் சிலருக்குத் தொந்தரவும் வரும் என்பது இப்போது ஆய்வுலகிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். 2020இல் வெளியான ஒரு தொகுப்பு 83 ஆய்வுகளைப் பார்த்து, பதகளிப்பு கூடுவது, மனம் சோர்வது போன்ற பாதகமான அனுபவங்கள் 8.3 விழுக்காட்டினருக்கு வந்ததாகக் கணித்தது. டேவிட் ட்ரெலீவன் 2018இல் எழுதிய நூல் முழுக்க, அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்குத் தியானத்தை எப்படி மாற்றிக் கொடுப்பது என்பதைப் பற்றியது: கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், மூச்சைப் பிடிக்காவிட்டால் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், விரும்பினால் எழும்பிப் போகலாம்.

இந்த இடத்தில் குரல் உதவிக்கு வருகிறது. தனியாக இருக்கும்போது நினைவு இழுத்துக்கொண்டு போகும். ஒரு குரல் அடுத்தடுத்து விரல், மணிக்கட்டு, முழங்கை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் திரும்பி வரக் கயிறு ஒன்று இருக்கிறது. கடும் போரை உடம்பில் வைத்திருப்பவர் தொடங்க வேண்டியது மௌனத்திலிருந்து அல்ல, குரலிலிருந்து என்று சொல்வதில் மரபுக்கு எந்த அவமானமும் இல்லை.

போரைச் சுமப்பவர்களுக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்று ஈழத்தில் முறைப்படி யோசித்தவர்களில் ஒருவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளமருத்துவர். மனவடு நூலை எழுதியவர். 2009க்குப் பிறகு வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் ஆய்வு வெளியிட்டவர். சின்ன உளத் தாக்கங்களோடு வந்தவர்களுக்கு அவர் கொடுத்த தளர்வுப் பயிற்சியில் மேலைநாட்டு வசனம் எதுவும் இல்லை. சைவருக்குப் பிரணவ மந்திர செபம், சாந்தி ஆசனம், பிராணாயாமம். கத்தோலிக்கருக்குச் செபமாலை. முஸ்லிம்களுக்கு திக்ர். பௌத்தருக்கு ஆனாபானசதி. அவரவர் பாட்டி செய்ததையே அவரவருக்கு மருந்தாகக் கொடுப்பது. சொன்னால் செய்வார்கள், செய்தால் நிறுத்தமாட்டார்கள்.

மடு மாதாவிடம் போகிறவர்களும் வற்றாப்பளை அம்மனிடம் போகிறவர்களும் உடம்பளவில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பதற்கு இத்தாலியிலிருந்து ஓர் அளவீடு வந்தது. 2001இல் லூச்சியானோ பெர்னார்தியும் கூட்டாளிகளும் 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தும், மந்திரம் சொல்ல வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவையாக இறங்கியது, இதயத் துடிப்பின் ஒழுங்கும் மேம்பட்டது.

குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று நெடுங்கேணிக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் க்ளோடியா கத்தானியும் ஜெர்மன் குழுவினரும், போரையும் கடலையும் கண்டு உறைந்துபோயிருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, ஆறு அமர்வு. மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், அதுவும் ஆறு அமர்வு. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 விழுக்காடும் தியானம் செய்தவர்களில் 71 விழுக்காடும் தேறியிருந்தார்கள். புள்ளிவிபரக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 31 பேர் சின்னத் தொகை. சிகிச்சையே கொடுக்காத மூன்றாவது பகுதி இருக்கவில்லை, ஆகவே தானாகத் தேறியவர்களைப் பிரித்தறிய வழியில்லை. இந்தக் குறைகளோடும் அது நமக்குச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அந்த ஆறு அமர்விலும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். பிள்ளை அழுதால் அவருக்குத் தெரியும். போனுக்குள் இருக்கும் குரலுக்குத் தெரியாது. அது அடுத்த வசனத்துக்குப் போய்விடும்.

இலவசப் பதிவு என்றால் நடுவில் விளம்பரமும் வரும். உடம்பு தளர்ந்து, மூச்சு இறங்கி, இடப்பக்க முழங்காலுக்கு வந்திருக்கும் நேரத்தில் தங்க நகைக் கடையோ சலவைத்தூளோ உச்சக் குரலில் காதுக்குள் வெடிக்கும். அதோடு, தமிழில் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை சென்னைப் பேச்சிலோ இயந்திரக் குரலிலோ இருக்கின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருட்டில்லை. எழுபது வயது அம்மம்மாவுக்கு அது வானொலி நாடகம்.

இதற்குப் பெரிய செலவில்லாமல் ஒரு வழி இருக்கிறது. ஊரிலேயே ஒரு குரலைப் பதிவு செய்யலாம். பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ரீச்சர், புராணத்துக்குப் பயன் சொல்லும் ஐயா, இல்லாவிட்டால் வீட்டிலேயே நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு சித்தி. போனில் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவி போதும். விசிறியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம். தொடக்கத்தில் பிள்ளை தன் வேண்டுதலைத் தானே மனதுக்குள் சொல்லட்டும். அதை மூன்று ஏ என்று வைக்காமல், நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு எழும்பிக் கடந்தகால வினாத்தாளில் ஒன்று செய்வேன் என்று வைத்தால் நல்லது. பிறகு குரல் வலக்கைப் பெருவிரலில் தொடங்கி உடம்பைச் சுற்றிவரட்டும். பரீட்சை என்ற சொல்லே அதற்குள் வர வேண்டாம். கண்ணை மூட விரும்பாதவர் திறந்து வைத்திருக்கலாம் என்பதையும், நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினால் போதும். டேட்டா முடிந்தாலும் ஓடும், சலவைத்தூள் வராது. சில கிழமை கேட்டால் வரிசை மனப்பாடமாகிவிடும், பிறகு போனை அலுமாரியில் வைத்துவிட்டே படுக்கலாம். பழைய காட்சி திரும்பத் திரும்ப வருகிறவர்கள், நித்திரையே இல்லாதவர்கள், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இதோடு நிற்கக் கூடாது. பக்கத்து வைத்தியசாலையில் சொன்னால் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முதல் நாள் அந்தப் பதிவை ஓடவிடும்போது, குரல் கொடுத்தவரே பக்கத்தில் பாய் போட்டு இருப்பது நல்லது.